5 டன் மிளகாய்த்தூள், ஒரு பிரவுன் கலர் சாஸ்: 2005 சூடான் சாயக் கேஸ் முழு விவரம்

2005 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமை. பிரிட்டனோட உணவுத் தர ஏஜென்சி (எஃப்எஸ்ஏ) ஒரு லிஸ்ட் விட்டாங்க, அதுல 350க்கு மேல ஐட்டம், எல்லாத்தையும் கடையிலருந்து எடுத்துடுங்க, வீட்ல இருந்தா சாப்பிடாதீங்கன்னு. சூப், பை (மாவுக்குள்ள இறைச்சி வச்சு சுடுற 'pie'), பீட்சா, சாலட் டிரெஸ்ஸிங், சூடு பண்ணி அப்படியே சாப்பிடுற ரெடிமேட் சாப்பாடு, இப்படி ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத பொருளெல்லாம் ஒரே லிஸ்ட்ல. அடுத்தடுத்த நாள்ல லிஸ்ட் நீண்டுகிட்டே போயி 500ஐத் தாண்டிருச்சு. இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு 5 டன் மிளகாய்த்தூள் லாட், அதுல சூடான் 1ங்கற சாயம் கலந்திருந்துச்சு. அதுவும் அப்ப புதுசா வந்தது இல்ல, 2002லயே இந்தியாவுலருந்து இறக்குமதியாகி உள்ள போனது.

இந்த கேஸ பத்தி பேசுறவங்க பெரும்பாலும் 'சாயம் கலந்துட்டாங்க, மாட்டிக்கிட்டாங்க'ன்னு ரெண்டு வரியில முடிச்சுடுவாங்க. எனக்கு அது போதாதுன்னு தோணும். ஏன் மிளகாய்த்தூள்ல மட்டும் இது இவ்ளோ சுலபமா நடக்குது, சட்டம் வந்தப்புறமும் ஏன் ரெண்டு வருஷம் கழிச்சு வெடிச்சுது, கண்டுபிடிச்சது லேபா இல்ல பில் புக்கா, இதெல்லாம் பாத்தா தான் மிளகாய்த்தூள் எப்படிப்பட்ட சரக்குன்னே புரியும்.

முதல்ல சாயத்தை பத்தி. சூடான் 1ங்கறது ஆரஞ்சு சிவப்புல இருக்குற ஒரு அஸோ சாயம், அதாவது செயற்கையா தயாரிக்கிற ஒரு வகை கெமிக்கல் சாயம். மெழுகு, ஷூ பாலிஷ், தரை பாலிஷ், பெட்ரோல், சால்வென்ட், இதுக்கெல்லாம் கலர் குடுக்க தயாரிக்கிறது. சாப்பாட்டுல போட ஐரோப்பாவுலயும் அனுமதி இல்ல, இந்தியாவுலயும் இல்ல. இதோட முக்கியமான குணம் எண்ணெய்ல கரையும், தண்ணியில கரையாது. இத மனசுல வச்சுக்கோங்க, கடைசியில இதுக்கு திரும்ப வரணும்.

இப்ப மிளகாய் பக்கம். வத்தலோட சிவப்பு கேப்சாந்தின், கேப்சோரூபின் மாதிரி கரோட்டினாய்டு நிறமிகளால வர்றது, காரம் கேப்சைசின் குடும்பத்தால வர்றது. ரெண்டும் வேற வேற கெமிக்கல், ரெண்டும் சேர்ந்தே ஏறணும்னு ஒண்ணும் இல்ல. கர்நாடகாவோட பேடகி மிளகாய்க்கு கலர் அள்ளும் ஆனா காரம் கம்மி, குண்டூர் பக்கத்து தேஜா வாயில வச்சா கண்ணுல தண்ணி வரும் ஆனா கலர்ல பேடகிகிட்ட நிக்காது. ஆனா கலருக்கு ஆயுசு கம்மி. வெளிச்சம் பட்டா வெளுக்கும், சூடு பட்டா வெளுக்கும், காத்துல இருக்குற ஆக்ஸிஜன் பட்டாலும் வெளுக்கும். முழு வத்தலா இருக்குற வரைக்கும் தோல் கொஞ்சம் காப்பாத்தும், அரைச்சுட்டா ஒவ்வொரு துகளும் காத்துக்கு நேரா நிக்குது, வெளுக்கறது வேகமாயிடும். குண்டூர சுத்தி அவ்ளோ கோல்ட் ஸ்டோரேஜ் இருக்குறதுக்கு காரணமே இது தான், இருட்டுலயும் குளிர்லயும் வச்சா தான் வத்தல் சிவப்பா நிக்கும், விலை வர்ற வரைக்கும் காத்திருக்கலாம்.

இங்க தான் பணம் உள்ள வருது. மண்டியில வத்தல கையில அள்ளி பாக்குறவர் முதல்ல பாக்குறது நிறம், அப்புறம் தான் ஈரம், காம்பு, உடைசல் எல்லாம். நல்ல சிவப்பு ஒரு விலை, வெளுத்தது அதுல பாதிகூட தேறாது, சண்டுன்னு தனியா ஒதுக்கிடுவாங்க. ஏற்றுமதியில கண்ணுக்கு பதிலா நம்பர். அமெரிக்க ஸ்பைஸ் டிரேட் அசோசியேஷன் வச்ச முறை, சுருக்கமா ஆஸ்டா வேல்யூ. தூளை அசிட்டோன்ல ஊறப்போட்டு, அந்த சாறு 460 நானோமீட்டர் ஒளிய எவ்ளோ உறிஞ்சுதுன்னு அளந்து, 16.4ஆல பெருக்கி எடைக்கு வகுத்தா வர்றது தான் ஆஸ்டா. காண்ட்ராக்ட்ல இந்த நம்பர் எழுதுவாங்க, நம்பர் கூடினா விலை கூடும்.

இந்த டெஸ்ட் வச்சவங்க மேல எனக்கு குறை சொல்ல இல்ல, நல்ல எண்ணத்துல வச்சது தான், கண்ணால பாத்து சண்டை போடுறத விட இது எவ்ளோ மேல். ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கு. சூடான் 1ம் அசிட்டோன்ல கரையும், அது ஒளிய அதிகமா உறிஞ்சுற இடம் கிட்டத்தட்ட 480 நானோமீட்டர், அதாவது மிளகாயோட சொந்த நிறத்துக்கு பக்கத்து வீடு. ஸோ வெளுத்த தூள்ல சாயத்தை கலந்தா ஆஸ்டா மெஷின் அத மிளகாய் நிறம்னே நினைச்சு நம்பர ஏத்திக் காட்டும். தரத்தை அளக்க வச்ச கருவியே கலப்படத்துக்கு மார்க் போடுது. ரெண்டையும் பிரிச்சு பாக்கணும்னா எச்பிஎல்சி வேணும், அது ஒவ்வொரு பொருளையும் தனித்தனியா பிரிச்சு வெளிய விடுற முறை. அந்த டெஸ்ட்ட யாராவது கேட்டா தான் பண்ணுவாங்க, 2003க்கு முன்னாடி யாரும் கேட்கல.

முழு வத்தல்ல கலர் ஏத்த முடியாதான்னா முடியும், பாலிஷ் மாதிரி எண்ணெய்ல சாயம் கலந்து மேல பூசுறவங்களும் உண்டு, ஆனா கையில ஒட்டும், உடைச்சா உள்பக்கம் வேற மாதிரி தெரியும், விதை காட்டிக்குடுக்கும். அரைச்சுட்டா முடிஞ்சுது. எந்த ஊரு, எந்த ரகம், எந்த வருஷத்து அறுவடை, சண்டு எவ்ளோ சேர்ந்திருக்கு, எதுவும் தெரியாது. தூளாகற அந்த நிமிஷத்துல மிளகாய்க்கு முகம் போயிடுது. அதுக்கப்புறம் அந்த மூட்டைக்கு அடையாளம் மேல ஒட்டின சீட்டு மட்டும் தான்.

2003: முதல் மணி

2003 மே 9, பிரான்ஸ் ஐரோப்பாவோட ரேபிட் அலர்ட் சிஸ்டத்துல (ஆபத்தான சாப்பாட்ட பத்தி நாடுகள் ஒண்ணுக்கொண்ணு எச்சரிக்கிற ஏற்பாடு) ஒரு தகவல் போட்டுச்சு: இந்தியாவுலருந்து வந்த மிளகாய்ப் பொருட்கள்ல சூடான் 1 கிடைச்சிருக்கு. அடுத்த மாசம், ஜூன் 20, ஐரோப்பிய கமிஷன் அவசர முடிவு எடுத்துச்சு. எந்த நாட்டுலருந்து வந்தாலும் சரி, உடைச்ச இல்ல அரைச்ச காஞ்ச மிளகாய் உள்ள வரணும்னா சூடான் 1 இல்லன்னு லேப் ரிப்போர்ட் கூட வரணும், அது போக உறுப்பு நாடுகளும் சந்தையில சாம்பிள் எடுத்து பாக்கணும். கவனிங்க, அரைச்சது, உடைச்சது மட்டும் தான் அந்த விதியில. முழு வத்தல விட்டுட்டாங்க. கமிஷனுக்கும் ஆபத்து எங்க இருக்குன்னு தெரிஞ்சிருக்கு.

அதே வருஷம் இந்தியாவுல கொச்சியில இருக்குற ஸ்பைசஸ் போர்டும் ஏற்றுமதி ஆகுற மிளகாய்க்கு கட்டாய சாம்பிள் டெஸ்ட் கொண்டு வந்துச்சு. 2004 ஜனவரியில ஐரோப்பா விதிய விரிச்சு சூடான் 2, 3, 4 மூணையும் சேத்துச்சு, மிளகாய்த்தூளோட கறிப் பவுடரையும் உள்ள இழுத்துச்சு.

வாசல பூட்டியாச்சு. ஆனா ஏற்கனவே உள்ள இருந்தத என்ன பண்றது?

இது தான் இந்த மொத்த கேஸோட மையம்னு நான் நினைக்கிறேன். மிளகாய்த்தூள் பால் மாதிரி நாலு நாள்ல தீர்ந்து போற சரக்கு இல்ல. ஒரு டின்ல, ஒரு டிரம்ல, ஒரு குடோன்ல மாசக்கணக்கா உக்காந்திருக்கும், அத வச்சு செஞ்ச சாஸ் இன்னும் சில வருஷம் உக்காந்திருக்கும். 2002ல வாங்கின தூள் 2003 விதிக்கு முன்னாடியே எல்லை தாண்டிருச்சு, அதுக்கு சூடான் ரிப்போர்ட் கேட்க சட்டம் இல்ல. விதி வந்தப்புறம் புதுசா வாங்கினதுக்கெல்லாம் ரிப்போர்ட் வாங்கி ஃபைல்ல வச்சவங்க, பழைய ஸ்டாக்ல ஒரு பிடி எடுத்து லேபுக்கு அனுப்பியிருந்தா கதை அங்கயே முடிஞ்சிருக்கும். ஒரு சாம்பிளுக்கு ஆகுற செலவு எவ்ளோ, பின்னாடி ஆன நஷ்டம் எவ்ளோன்னு யோசிச்சா மனசு ஆற மாட்டேங்குது.

சாஸ் வழியா எப்படி பரவுச்சு

அந்த 5 டன் தூள் ஒருத்தர்கிட்டருந்து இன்னொருத்தர்னு கை மாறி கடைசியில பிரீமியர் ஃபுட்ஸ் கம்பெனியோட வூஸ்டர் சாஸ் தயாரிப்புக்கு போச்சு. வூஸ்டர் சாஸ்ங்கறது வினிகர், மொலாசஸ், நெத்திலி, புளி, மசாலா எல்லாம் சேர்ந்த கருப்பும் பழுப்புமான ஒரு திரவம், ஆமா நம்ம புளி தான். அதுல மிளகாய் ஒரு சின்ன அளவு, காரத்துக்காக. இப்ப யோசிச்சுப் பாருங்க, அந்த சாஸுக்கு சிவப்பே தேவையில்ல. கருப்பா இருக்குற திரவத்துல மிளகாய் வெளுத்திருந்தா என்ன, செக்கச் செவேல்னு இருந்தா என்ன? கலருக்காக சாயம் கலந்த தூள், கலரே வேண்டாத ஒரு பொருளுக்குள்ள போயி விழுந்திருக்கு. வாங்குறவங்க எனக்கு நிறம் முக்கியமில்ல, காரம் போதும்னு தெளிவா எழுதி வாங்குற பழக்கம் இருந்தா வெளுத்த வத்தலும் நேர்மையா விலை போயிருக்கும், சாயத்துக்கு அவசியமே வந்திருக்காது.

சாஸ் பாட்டில்ல மட்டும் போயிருந்தா பெரிய சேதம் இல்ல. வூஸ்டர் சாஸ மத்த உணவுக் கம்பெனிகளும் மூலப்பொருளா வாங்குவாங்க. ஒரு இறைச்சி பையில ரெண்டு ஸ்பூன், ஒரு சூப்ல ஒரு துளி. கணக்கு எப்படி விரியும்னு காட்ட ஒரு உதாரணம் மட்டும் சொல்றேன், இது அந்த கேஸோட நிஜ அளவு இல்ல. சாஸ்ல மிளகாய்த்தூள் 1 சதவீதம்னு வைங்க, 5 டன் தூள்ல 500 டன் சாஸ் வரும். அந்த சாஸ் மத்த சாப்பாட்டுல 1 சதவீதம்னா 50,000 டன் சாப்பாடு. ஒரு பாக்கெட் 400 கிராம்னா 12.5 கோடி பாக்கெட். தூள்ல ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம் சாயம்னு வச்சாலும் மொத்த 5 டன்ல இருந்தது அரை கிலோ சாயம் தான். அரை கிலோ சாயம் 12.5 கோடி தட்டுக்கு போகுது.

அதே உதாரணத்துல கடைசி பாக்கெட்ல சாயம் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அப்போ லேபுங்க வழக்கமா பிடிக்கிற எல்லை கிலோவுக்கு 0.5லருந்து 1 மில்லிகிராம். அதாவது அந்த பைய எத்தனை தடவ டெஸ்ட் பண்ணாலும் 'இல்ல'ன்னு தான் வரும். அதனால தான் சொல்றேன், அந்த நீளமான லிஸ்ட்ட உருவாக்கினது லேப் இல்ல, காகிதம். யாரு யாருக்கு வித்தாங்க, எந்த பேட்ச் எங்க போச்சுங்கற ரெக்கார்ட். ஐரோப்பாவோட பொது உணவுச் சட்டம் 178/2002ல இருக்குற தடம் பிடிக்கிற பிரிவு, ஒவ்வொரு வியாபாரியும் தனக்கு யாரு குடுத்தாங்க, தான் யாருக்கு குடுத்தோம்னு காட்டியே ஆகணும்ங்கறது, நடைமுறைக்கு வந்தது 2005 ஜனவரி 1. இந்த ரீகால், அதாவது பொருளெல்லாம் திரும்ப எடுத்தது, வந்தது அதுக்கு ஏழு வாரம் கழிச்சு. ஒரு படி பின்னாடி ஒரு படி முன்னாடின்னு ஒவ்வொரு ஆளா நடந்து போயி தான் அத்தனை பொருளையும் புடிச்சாங்க.

ஆனா முதல் நூல் நுனி கிடைச்சது லேப்ல தான், அத மறுக்க முடியாது. இத்தாலிக்கு போன வூஸ்டர் சாஸ ஒரு இத்தாலிய லேப் சோதிச்சப்ப சூடான் 1 தெரிஞ்சுது. சாஸ் அளவுல நீர்த்தும் தெரிஞ்சுதுன்னா மூலத் தூள்ல கணிசமா இருந்திருக்கணும். எஃப்எஸ்ஏவுக்கு தகவல் போனது பிப்ரவரி 7, பொதுவா அறிவிச்சது 18. நடுவுல 11 நாள். இந்த 11 நாள பத்தி அப்ப பெரிய விமர்சனம் வந்துச்சு, ஏன் உடனே சொல்லலன்னு. என் பார்வை என்னன்னா, எந்த பொருள்னு தெரியாம 'ஏதோ சாப்பாட்டுல சாயம் இருக்கு'ன்னு அறிவிச்சா யாருக்கும் உதவாது, ஆனா மூல சாஸோட பேர மட்டுமாவது முன்னாடியே சொல்லியிருக்கலாம். மிச்ச லிஸ்ட் தயாராகுற வரைக்கும் மக்கள் அந்த பாட்டில ஊத்திக்கிட்டு தான் இருந்தாங்க.

நஷ்டம் 10 கோடி பவுண்டுக்கு மேலன்னு அப்ப மதிப்பிட்டாங்க.

ஆபத்து எவ்ளோ, ரீகால் அதிகப்படியா?

இது இன்னிக்கும் சண்டை நடக்குற விஷயம். எலிகளுக்கு சூடான் 1 குடுத்த சோதனையில கல்லீரல்ல கட்டி வந்துச்சு. மனுஷங்கள பொறுத்தவரை சர்வதேச புற்றுநோய் ஆய்வு ஏஜென்சி அத மூணாவது குரூப்ல வச்சிருக்கு, அதாவது மனுஷனுக்கு புற்றுநோய் தரும்னோ தராதுன்னோ வகைப்படுத்த ஆதாரம் போதல. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2005 ஆகஸ்ட்ல குடுத்த கருத்துல, இது மரபணுவ பாதிக்கக்கூடியது, விலங்குகள்ல புற்றுநோய் தரக்கூடியதுன்னு சொல்லுச்சு. மரபணுவ தொடுற பொருளுக்கு 'இவ்ளோ வரைக்கும் பரவால்ல'ன்னு ஒரு கோடு போட மாட்டாங்க. எஃப்எஸ்ஏ தரப்பும் அப்ப சொன்னது இந்த அளவுல ஆபத்து ரொம்ப சின்னது, ஆனா சாப்பிடாம இருக்குறது புத்திசாலித்தனம்ங்கற மாதிரி தான்.

ஒரு பையில மைக்ரோகிராம் கணக்குல இருக்குற சாயத்துக்காக டன் கணக்குல சாப்பாட்ட குப்பையில கொட்டினது சரியான்னு கேட்குறவங்க கேள்வியில நியாயம் இருக்கு, சாப்பாடு வீணாகுறத பாத்து எனக்கும் வலிக்கும். ஆனா நான் ரீகால் பக்கம் தான். காரணம் அந்த ஒரு பை இல்ல. கலப்படம் பண்றவன் எதிர்பாக்குறதே நீர்த்துப் போறத தான். சாயம் போட்ட லாட்ட நல்ல லாட்டோட கலந்து, அத சாஸ்ல கலந்து, சாஸ சாப்பாட்டுல கலந்தா கடைசியில 'ரொம்ப கம்மி தானே'ன்னு ஆயிடும். அந்த வாதத்த ஏத்துக்கிட்டா கலக்குறதே தப்பிக்கிற வழியா மாறிடும். இன்னொண்ணு, டெஸ்ட்ல ரொம்ப குறைஞ்ச அளவு சாயம் வந்தா அது தற்செயல்னு நினைக்கக் கூடாது, அவ்ளோ கொஞ்சம் போட்டா கலரே ஏறாது, யாரும் அதுக்காக போட மாட்டாங்க. பெரும்பாலும் அதுக்கு அர்த்தம், எங்கயோ நிறைய சாயம் போட்ட ஒரு மூட்டை இதுக்குள்ள கலந்திருக்குன்னு.

மாட்டுனது பிரிட்டன் மட்டும் இல்ல. அடுத்த மாசமே, 2005 மார்ச்ல, சீனாவுல கேஎஃப்சி தன்னோட சிக்கன் ஐட்டங்கள்ல சூடான் 1 இருந்துதுன்னு விற்பனைய நிறுத்துச்சு. மே 23 ஐரோப்பா விதிய மறுபடி விரிச்சு மஞ்சளையும் பாமாயிலையும் சேத்துச்சு. இதுக்கெல்லாம் முன்னாடி 1994ல ஹங்கேரியில பாப்ரிகா (காரம் கம்மியான சிவப்பு மிளகாய்) தூள்ல ஈய ஆக்சைடு கலந்து ஆளுங்களுக்கு ஈய விஷம் ஏறினதும் நடந்திருக்கு, அங்கயும் காரணம் சிவப்பு தான், அங்கயும் தூள் தான்.

எனக்கு ரொம்ப உறுத்துறது பாரா ரெட் விஷயம். சூடான் ரீகால் அடங்கறதுக்குள்ள, அதே 2005 வசந்த காலத்துல, பிரிட்டன்ல மசாலாப் பொருட்கள்ல பாரா ரெட்னு இன்னொரு சட்டவிரோத சாயம் கிடைச்சுது. வேதியியல்ல சூடான் 1க்கு ரொம்ப நெருங்கின சொந்தம், ஒரு நைட்ரோ குரூப் தான் வித்தியாசம். சூடான் ரிப்போர்ட்ல 'சூடான் 1, 2, 3, 4 இல்ல'ன்னு எழுதியிருக்கும், அது முழு உண்மையாவும் இருக்கும், அந்த மூட்டைக்குள்ள பாரா ரெட்டும் இருக்கும். லேப் கேட்ட கேள்விக்கு தான் பதில் சொல்லும். ரிப்போர்ட்ட பாத்து 'டெஸ்ட் பாஸ்'னு சந்தோஷப்படுற ஒவ்வொரு பர்ச்சேஸ் ஆளும் அந்த காகிதத்துல எந்தெந்த பேரு இருக்குன்னு வாசிக்கணும், எந்த பேட்ச்லருந்து சாம்பிள் எடுத்தாங்கன்னு பாக்கணும், சாம்பிள் எடுத்தது வித்தவரா வாங்கினவரான்னு கேட்கணும். ஒரு மூட்டையோட வாயிலருந்து ஒரு பிடி எடுத்து அனுப்பினா அது அந்த பிடிக்கு ரிப்போர்ட், லாட்டுக்கு இல்ல.

அப்புறம் முன்னாடி சொன்னேன்ல, தண்ணியில கரையாதுன்னு. ஒரு கிளாஸ் தண்ணியில மிளகாய்த்தூள தூவுங்க, கலர் கோடு கோடா இறங்கினா கலப்படம், இல்லன்னா சுத்தம்னு ஃபார்வர்டு ஓடிக்கிட்டே இருக்கு. முதல் பாதி ஓரளவு சரி, தண்ணியில கரையிற சாயம் போட்டிருந்தா அப்படி இறங்கும், செங்கல் பொடி இருந்தா அடியில கரகரன்னு தங்கும். ரெண்டாவது பாதி தப்பு. சூடான் சாயம் தண்ணியில கரையவே கரையாது, கிளாஸ் தெளிவா நிக்கும், நீங்க நிம்மதியா டப்பாவ மூடிடுவீங்க. எண்ணெய்ல போட்டு பாக்கலாமேன்னா மிளகாயோட சொந்த சிவப்பும் எண்ணெய்ல தான் இறங்கும், தாளிக்கும்போது எண்ணெய் சிவக்கிறது அதனால தான், ஸோ அதுலயும் பிரிச்சு பாக்க முடியாது. வீட்ல கண்டுபிடிக்க வழி இல்லாத கலப்படம் இது. வீட்ல பண்ண முடிஞ்சது வத்தலா வாங்கி, காம்பு கிள்ளி, உடைச்சு உள்பக்கம் பாத்து, காயவச்சு, கண் முன்னாடி அரைச்சு, இறுக்கமான டப்பாவுல வெளிச்சம் படாம வைக்கிறது. ரெண்டு மாசத்துல அது கொஞ்சம் மங்கும். மங்கணும். ஆறு மாசம் அலமாரியில நின்னும் அதே பளீர் சிவப்புல ஒரு தூள் இருந்தா, அது எப்படி முடியுதுன்னு வித்தவர்கிட்ட கேளுங்க.